மோஹெல்: தகப்பனுக்குப் பதிலாகக் கத்தி பிடிக்கிறவர்

யூதர்கள் ஆண் குழந்தைக்குப் பிறந்த எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்கிறார்கள், அதாவது ஆண்குறியின் நுனித்தோலை வெட்டி நீக்குகிறார்கள். செய்துவைப்பவருக்கு மோஹெல் என்று பெயர். அவர் கோயில் குருக்களைப் போன்றவரா, மருத்துவரா, பரம்பரைத் தொழில்காரரா என்பது கேள்வி. மூன்றில் எதைச் சொன்னாலும் பாதிதான் சரியாகும். யூதச் சட்டத்தின் பார்வையில் மோஹெல் குழந்தையின் தகப்பனுக்குப் பதிலாள். கடமை தகப்பனுடையது, கை மட்டும் இவருடையது.

இஸ்ரேலில் ரெஹோவோத் நகரில் ஆய்வுப் பணியில் இருந்த காலத்தில், கூட வேலை பார்த்த நண்பரின் முதல் மகனுக்கு நடந்த சடங்கில் நான் நின்றிருக்கிறேன். நண்பர் என்னை ‘வாருங்கள்’ என்று அழைக்கவில்லை. ‘இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் நடக்கிறது’ என்று மட்டும் சொன்னார். அழைத்து ஒருவர் வராமல் போனால் அது புனிதக் கடமையைத் தட்டியதாகிவிடும் என்பதால், இந்த ஒரு சடங்குக்கு மட்டும் அழைப்பதில்லை, தகவல்தான் சொல்வது. சடங்கு தொடங்கியதும் மோஹெல் கத்தியை எடுத்து நண்பரின் கையில் கொடுத்தார். இரண்டு பக்கமும் கூரான சிறிய கத்தி. எபிரேயத்தில் இஸ்மெல் என்பார்கள். நண்பர் அதை வாங்கி, ‘என் மகனுக்கு நான் செய்ய வேண்டியதை எனக்காக நீங்கள் செய்யுங்கள்’ என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். மோஹெலின் கை நடுங்கவில்லை.

மோஹெலின் பங்கு முழுவதும் அந்தக் கைமாற்றத்தில் அடங்கியிருக்கிறது. தகப்பன் மகனுக்குச் செய்ய வேண்டியவற்றை, பழைய யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் வரிசைப்படுத்துகிறது: விருத்தசேதனம் செய்ய வேண்டும், தலைப்பிள்ளையானால் காணிக்கை கொடுத்து மீட்க வேண்டும், தோரா என்னும் வேதத்தைக் கற்பிக்க வேண்டும், திருமணம் செய்துவைக்க வேண்டும், ஒரு தொழில் கற்றுத்தர வேண்டும், நீச்சலும் கற்றுத்தர வேண்டும் என்கிறார்கள் சிலர். பாடம் சொல்லித் தரத் தெரியாத தகப்பன் வாத்தியார் வைப்பதைப் போலவே, வெட்டத் தெரியாத தகப்பன் மோஹெலை வைக்கிறான். தகப்பன் இல்லையென்றால், அல்லது செய்யத் தவறினால், பொறுப்பு ஊரின் சமய நீதிமன்றத்துக்குப் போகிறது. அவர்களும் தவறினால், பையன் வளர்ந்த பிறகு அவனே செய்துகொள்ள வேண்டும். ஆதியாகமம் 17ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் தம் 99ஆம் வயதில் கடவுளோடு செய்த உடன்படிக்கையின் அடையாளமாக இதை ஏற்கிறார். ஈசாக்கு பிறந்தபோது எட்டாம் நாளில் அவரேதான் மகனுக்குச் செய்தார். இன்றும் சில தகப்பன்மார் மோஹெல் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பொருத்திக் கொடுக்க, அந்த ஒரு வெட்டை மட்டும் தாங்களே செய்கிறார்கள்.

மோஹெல் ரபியாக, அதாவது யூதச் சமய அறிஞராக, இருக்க வேண்டியதில்லை, ஆசாரியக் குலத்தில் பிறந்திருக்க வேண்டியதும் இல்லை. கிழக்கு ஐரோப்பாவின் சிறு ஊர்களில் பெரும்பாலும் ஆடு மாடு அறுக்கும் ஷோஹெத்தே மோஹெலாகவும் இருந்தார். கத்தியில் மயிரிழை அளவு முறிவு இருந்தாலும் நகத்தில் உரசிக் கண்டுபிடிக்கப் பழகிய விரல்கள் அவருடையவை என்பதால் அதில் வியப்பில்லை.

பெண் செய்யலாமா என்ற கேள்வி பழையது. யாத்திராகமத்தில் மோசேயின் மனைவி சிப்போராள் கூரான கல்லை எடுத்துத் தன் மகனுக்குச் செய்கிறாள். அவளை முன்னிட்டே தல்மூத் அறிஞர்கள் இதை வாதிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அரூக் பெண் செய்தாலும் செல்லும் என்கிறது. தெரிந்த ஆண் இருந்தால் அவனுக்கு முன்னுரிமை. பழைமைவாதிகளிடம் நடைமுறையில் ஆண்கள் மட்டுமே செய்கிறார்கள். அமெரிக்காவின் சீர்திருத்த யூதர்கள் 1984 முதல் மருத்துவர்களுக்கு இதற்கெனப் பயிற்சி கொடுக்கிறார்கள், அவர்களில் பெண்களும் உண்டு.

எட்டாம் நாளை எண்ணும் முறையில் பிறந்த நாளே முதல் நாள். திங்கள் பகலில் பிறந்த குழந்தைக்கு அடுத்த திங்கள். ஆனால் யூதர்களின் நாள் மாலையில் தொடங்குவதால், திங்கள் இரவு பிறந்த குழந்தைக்கு அடுத்த செவ்வாய். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கணக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இயேசுவுக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்து பெயரிட்டதாக லூக்கா எழுதுகிறார். டிசம்பர் 25ஐ ஒன்று என்று வைத்து எண்ணினால் எட்டு ஜனவரி 1இல் விழும். கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் அந்த நாளை விருத்தசேதனத் திருநாளாகவே கொண்டாடியது.

எட்டாம் நாள் சனிக்கிழமை ஓய்வுநாளில் விழுந்தால் சடங்கு ஓய்வுநாளையே மீறி நடக்கும். நெருப்பு மூட்டவும் சுமை தூக்கவும் தடை உள்ள அந்த நாளில் ரத்தம் சிந்தும் வெட்டுக்கு மட்டும் இடம் உண்டு. எவ்வளவு மீறலாம் என்பதில்தான் வாதம். கத்தி கைவசம் இல்லையென்றால் அன்றைக்கே மரம் வெட்டிக் கரி சுட்டு இரும்பு காய்ச்சிக் கத்தி செய்யலாம் என்றார் ரபி எலியேசர். முந்தின நாளே செய்து வைத்திருக்கக்கூடிய வேலை எதுவும் ஓய்வுநாளை மீறாது என்றார் ரபி அகிவா. அகிவாவின் கருத்தே சட்டமாயிற்று. அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் மோஹெலின் பை சடங்கு நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தொலைவில் வசிப்பவரானால் அவரும் அங்கேயே தங்கிவிடுவார், சனிக்கிழமை வண்டி ஏற முடியாதே.

அந்திப்பொழுதில் பிறந்த குழந்தை என்றால் கணக்கு இன்னும் நுணுக்கமானது. வெள்ளிக்கிழமை அந்தியில் பிறந்தால், அந்த வேளை வெள்ளியைச் சேர்ந்ததா சனியைச் சேர்ந்ததா என்பது சந்தேகம். அடுத்த வெள்ளியில் செய்தால் ஏழாம் நாளாக இருக்கலாம், கூடாது. சனியில் செய்ய, அது எட்டாம் நாள்தான் என்ற உறுதி இல்லாமல் ஓய்வுநாளை மீற முடியாது. ஆகவே ஞாயிறு. அந்த ஞாயிறும் திங்களும் புத்தாண்டுப் பண்டிகையானால் செவ்வாய். இப்படி எட்டு முதல் பன்னிரண்டு வரை எந்த நாளிலும் சடங்கு விழலாம் என்று தல்மூதின் அடிப்படை நூலான மிஷ்னா கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அறுவைப் பிரசவத்தில் பிறந்த குழந்தைக்காக ஓய்வுநாளை மீறுவதில்லை. குழந்தை பிறந்த நிமிடத்தையும் விதத்தையும் மோஹெல் துருவிக் கேட்பது இதனால்தான்.

எட்டாம் நாளில் ரத்தம் உறையும் திறன் உச்சத்தில் இருப்பதாகவும் அதனால்தான் அந்த நாள் குறிக்கப்பட்டதாகவும் ஒரு பேச்சு இணையத்தில் சுற்றுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லேவியராகமம் நாளைச் சொல்கிறதே தவிர மருத்துவக் காரணம் எதையும் சொல்லவில்லை. ஆனால் மருத்துவ அறிவு இந்த மரபில் உண்மையிலேயே வெளிப்படும் இடம் ஒன்று இருக்கிறது: எப்போது வெட்டக் கூடாது என்ற இடம்.

தல்மூதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கலிலேயாவின் செப்போரிஸ் ஊரில் நான்கு சகோதரிகள். முதலாமவள் மகனுக்கு விருத்தசேதனம் செய்தாள், குழந்தை இறந்தது. இரண்டாமவளுக்கும் அப்படியே. மூன்றாமவளுக்கும் அப்படியே. நான்காமவள் ரபான் ஷிமோன் பென் கம்லியேலிடம் வந்து நின்றாள். ‘செய்யாதே’ என்றார் அவர். இது கி.பி. 2ஆம் நூற்றாண்டுச் செய்தி. ரத்தம் உறையாமை குடும்ப வழியில் வரும் நோய் என்பதை மேற்கத்திய மருத்துவத்தில் பிலடெல்பியாவின் ஜான் ஓட்டோ 1803இல்தான் விவரித்து எழுதினார். தாய்மார் சகோதரிகள் என்பதைக் கவனியுங்கள். தகப்பன்மார் வேறு வேறு வீட்டுக்காரர்கள். 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞரும் மருத்துவருமான மைமோனிடீஸ் இதை இன்னும் கூர்மையாக்கினார். ஒரு பெண்ணுக்கு இரண்டு மகன்கள் விருத்தசேதனத்தால் இறந்திருந்தால், அவர்கள் ஒரே கணவனுக்குப் பிறந்தவர்களானாலும் இருவேறு கணவர்களுக்குப் பிறந்தவர்களானாலும், மூன்றாம் மகனுக்கு உரிய நாளில் செய்யக் கூடாது, வளர்ந்து வலுப்பெறும்வரை காத்திருக்க வேண்டும் என்றார். நோய் தாய்வழியில் வருகிறது என்பதை அவர்கள் பெயரிடாமலே அறிந்திருந்தார்கள். விருத்தசேதனத்தைப் பின்னால் செய்துகொள்ளலாம், போன உயிரைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று அதே இடத்தில் அவர் காரணமும் சொல்கிறார்.

இரண்டாம் நூற்றாண்டின் ரபி நாதானைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. கடற்கரை ஊர் ஒன்றில், இரண்டு மகன்களைச் சடங்கில் பறிகொடுத்த தாய் மூன்றாம் குழந்தையை அவரிடம் தூக்கி வந்தாள். குழந்தை சிவந்துபோய் இருந்தது. ‘ரத்தம் உடலுக்குள் சுவறும்வரை பொறு’ என்றார். தாய் பொறுத்தாள், குழந்தை பிழைத்தது, அதற்கு நாதான் என்றே பெயரிட்டார்கள்.

இவை அனைத்தும் இன்று மோஹெலின் கையில் விதிகளாக இருக்கின்றன. காய்ச்சல் போல உடல் முழுவதையும் பிடிக்கும் நோய் என்றால், குணமான நேரத்திலிருந்து முழுதாக ஏழு நாட்கள் கழிய வேண்டும். ஓர் உறுப்பில் மட்டும் சின்னக் கோளாறு என்றால் அது ஆறினால் போதும். தள்ளிப்போன சடங்கை ஓய்வுநாளில் வைக்கக் கூடாது. ஓய்வுநாளையே மீறும் கட்டளை, ஒரு பச்சைக் குழந்தையின் உடம்பு சூட்டுக்கு வழிவிட்டு நிற்கிறது. இந்தச் சடங்கைப் பற்றி நான் அறிந்தவற்றில் என்னை மிகவும் தொட்டது இதுதான்.

நண்பரின் வீட்டுக்கு மோஹெல் ஏழாம் நாள் பிற்பகலே வந்துவிட்டார். குழந்தையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். மூக்கு நுனியில் விரலை வைத்து மெல்ல அழுத்தி எடுத்து, ரத்தம் திரும்புமுன் தோலின் நிறம் என்ன என்று பார்த்தார். அடுத்து நெற்றி, அடுத்து மார்பு. கண்ணின் வெள்ளையைப் பார்த்தார். தாயின் சகோதரர்களில் யாருக்காவது ரத்தம் நிற்காத கோளாறு உண்டா என்று கேட்டார். கடைசியாகத் துணியைச் சுற்றிக் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, ‘மஞ்சள் இருக்கிறது. நாளைக்கு இல்லை’ என்றார். பாட்டிக்குப் பொறுக்கவில்லை. மண்டபம் பேசியாயிற்று, நூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியாயிற்று, ஹைஃபாவிலிருந்து உறவினர் புறப்பட்டாயிற்று என்றார். மோஹெலுக்கு எழுபது வயதிருக்கும். ‘சாப்பாட்டை இன்னொரு நாளும் சாப்பிடலாம் அம்மா’ என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டார். சடங்கு பதினோராம் நாள் காலையில் நடந்தது.

அன்று மண்டபத்தில் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்று எலியா தீர்க்கதரிசிக்கு. அதில் மனிதர் யாரும் உட்காருவதில்லை. இஸ்ரவேலர் உடன்படிக்கையைக் கைவிட்டார்கள் என்று கடவுளிடம் முறையிட்டவர் எலியா, அதனால் ஒவ்வொரு விருத்தசேதனத்துக்கும் அவரே சாட்சியாக வந்து நிற்கிறார் என்பது நம்பிக்கை. குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து ஒரு கணம் அந்த நாற்காலியில் வைத்து எடுத்தார்கள். அடுத்த நாற்காலியில் தலையணையை மடியில் வைத்தபடி பாட்டனார் இருந்தார். குழந்தையை மடியில் தாங்குகிறவருக்குச் சந்தெக் என்று பெயர். சடங்கில் மிகப் பெரிய மரியாதை அவருக்குத்தான்.

மோஹெல் ஆசி மொழி சொன்னார். யாழ் வடிவில் நடுவே பிளவுள்ள ஒரு தகட்டில் நுனித்தோலை இழுத்து நுழைத்தார். உள்ளே உள்ள உறுப்பைக் கத்தி தொடாமல் காப்பது அந்தத் தகடு. ஒரே வெட்டு. வெட்டோடு வேலை முடிவதில்லை. அடியில் உள்ள மெல்லிய சவ்வைப் பிரித்துப் பின்னால் ஒதுக்க வேண்டும். இதற்குப் பெரியா என்று பெயர். வெட்டிவிட்டு இதைச் செய்யாமல் விட்டால் வெட்டாததற்குச் சமம் என்கிறது மிஷ்னா. பழைய மோஹெல்கள் இதற்காகவே கட்டைவிரல் நகத்தை வளர்த்துக் கூராக வைத்திருந்தார்கள். நான் பார்த்தவர் இடுக்கியைப் பயன்படுத்தினார். ‘ஆபிரகாமின் உடன்படிக்கைக்குள் இவனைச் சேர்க்கிறேன்’ என்ற பொருளில் தகப்பன் தன் ஆசி மொழியைச் சொன்னார். ‘உடன்படிக்கைக்குள் வந்ததைப் போலவே தோராவுக்குள்ளும் மணப்பந்தலுக்குள்ளும் நற்செயல்களுக்குள்ளும் வருவானாக’ என்று கூட்டம் குரல் கொடுத்தது. கட்டுப் போட்ட பிறகு, திராட்சை மது நிறைந்த கிண்ணத்தோடு மோஹெல் குழந்தையின் பெயரை அறிவித்தார். அதுவரை அந்தப் பெயர் தாய் தகப்பனைத் தவிர யாருக்கும் தெரியாது. ‘உன் ரத்தத்தில் பிழைத்திரு’ என்ற எசேக்கியேலின் வார்த்தையை இரண்டு முறை சொல்லும்போது, மதுவில் நனைத்த துணி நுனியைக் குழந்தையின் வாயில் வைத்தார். அழுகை அதற்குள் அடங்கிவிட்டது. வெட்டிய தோலை மண்ணில் புதைப்பார்கள்.

வெட்டுக்கும் கட்டுக்கும் நடுவே இன்னொரு படி உண்டு. காயத்திலிருந்து ரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் மெட்ஸிட்ஸா. பழங்காலத்தில் அதை வாயால் செய்தார்கள். இன்றும் தீவிரப் பழைமைவாதிகளில் ஒரு பகுதியினர் வாயால்தான் செய்கிறார்கள். மோஹெலின் எச்சிலில் உள்ள ஹெர்பிஸ் கிருமி பச்சைக் குழந்தையைக் கொல்லக்கூடியது. நியூயார்க்கில் குழந்தைகள் இறந்ததும் உண்டு. அந்த நகரம் 2012இல் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கட்டாயமாக்கி, எதிர்ப்புக்குப் பிறகு 2015இல் அதைக் கைவிட்டது. இதில் என் நிலை தெளிவானது: வாயால் உறிஞ்சுவதை நிறுத்த வேண்டும். இதற்கு மரபை விட்டு வெளியேற வேண்டிய அவசியமே இல்லை. உறிஞ்சாத மோஹெல் குழந்தைக்கு ஆபத்தை வரவழைக்கிறான், அவனை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று தல்மூத் சொன்னபோது, அதன் கவலை குழந்தையின் பாதுகாப்பைப் பற்றியதாக இருந்தது. பழைமையின் பெருங்காவலராகக் கருதப்படும் ரபி ஹதாம் சோஃபெரே 1837இல், வியன்னாவில் நோய்த்தொற்று குறித்து எழுந்த கேள்விக்கு, கடற்பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும் என்று பதில் எழுதினார். பின்னால் வந்த பெரிய ரபிகள் கண்ணாடிக் குழாயை அனுமதித்தார்கள். வழி திறந்து கிடக்கிறது.

‘மருத்துவமனையிலேயே செய்துவிட்டால் என்ன?’ என்ற கேள்வியும் வரும். எட்டாம் நாளுக்கு முன்னால், உடன்படிக்கை என்ற எண்ணம் இல்லாமல் செய்த அறுவை சடங்காகக் கணக்கில் சேராது. அப்படிப்பட்டவருக்குப் பின்னர் மோஹெல் அந்த இடத்தில் ஊசியால் ஒரு துளி ரத்தம் மட்டும் எடுப்பார். கருவிகளிலும் இதே உரசல்தான். அமெரிக்க மருத்துவமனைகளில் 1930கள் முதல் புழங்கும் காம்கோ என்ற இறுக்கும் கருவி ரத்தமே வராதபடி தோலை நசுக்கிவிடுகிறது என்பதால் பழைமைவாத ரபிகள் அதை ஏற்பதில்லை. 1954இல் புரூக்ளின் மோஹெல் ஹேரி பிரான்ஸ்டைன் பழைய தகட்டின் வடிவத்தை ஒட்டி மோகன் என்ற கருவியை உருவாக்கினார். அதைப் பற்றியும் ரபிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு.

மோஹெலாகப் படிப்பது பெரும்பாலும் குருகுல வழியில்தான். மூத்தவர் ஒருவரோடு பல நூறு சடங்குகளுக்குப் போய்ப் பையைத் திறந்து வைப்பதில் தொடங்கி, கட்டுப் போடுவது, பிடித்துக்கொடுப்பது என்று படிப்படியாகக் கத்திக்கு வர வேண்டும். லண்டனில் இதற்கான சங்கம் 1745இலேயே தோன்றிவிட்டது. இஸ்ரேலில் தலைமை ரபி மன்றமும் சுகாதார அமைச்சகமும் சேர்ந்து சான்று வழங்குகின்றன. சுவீடன் 2001இல் சட்டம் இயற்றி, மோஹெலுக்கு அரசு அனுமதியையும், மரத்துப்போகும் மருந்து கொடுக்க மருத்துவரோ செவிலியரோ உடனிருப்பதையும் கட்டாயமாக்கியது. ஜெர்மனியில் 2012இல் கொலோன் நீதிமன்றம், ஒரு முஸ்லிம் சிறுவனின் வழக்கில், மத விருத்தசேதனத்தை உடல் காயமாகவே தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் பெரும் விவாதம் நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அதை அனுமதித்துச் சட்டம் கொண்டுவந்தது. குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை, மருத்துவர் அல்லாத ஆனால் சமயச் சமூகம் நியமித்த பயிற்சி பெற்றவர் செய்யலாம் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு நவீன அரசின் சட்டப் புத்தகத்தில் மோஹெலுக்கென்றே போட்ட இடம் அது.

இதற்கு முன்னும் தடைகள் இருந்தன, இதைவிடக் கொடியவை. கி.மு. 167இல் யூதர்களை ஆண்ட கிரேக்க மன்னன் அந்தியோகு தடை விதித்தபோது, மகனுக்கு விருத்தசேதனம் செய்த தாய்மாரைக் கொன்று குழந்தைகளை அவர்கள் கழுத்தில் தொங்கவிட்டார்கள், செய்தவர்களையும் கொன்றார்கள் என்று மக்கபேயர் முதல் நூல் சொல்கிறது. சோவியத் காலத்தில் ஜன்னலை மூடிக்கொண்டு செய்தார்கள். நம் நாட்டின் கொங்கண் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள், எபிரேய மொழி ஏறக்குறைய முழுவதும் மறந்துபோன காலத்திலும் எட்டாம் நாளை விடவில்லை.

கூலி விஷயம். பழைய மரபில் மோஹெல் கூலி கேட்பதில்லை. காசு கொடுத்தால்தான் வருவேன் என்று ஏழைத் தகப்பனிடம் பிடிவாதம் பிடிக்கும் மோஹெலைச் சமய நீதிமன்றம் கண்டிக்க வேண்டும், அது ஆபிரகாமின் வழிவந்தவர்களுக்கு அழகல்ல என்று சட்ட நூல் சொல்கிறது. இன்று பலர் கட்டணம் வாங்குகிறார்கள், சிலர் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆனால் மோஹெல்கள் காலம்காலமாகத் தமக்கென்று வைத்துக்கொள்ளும் ஒன்று உண்டு, பதிவேடு. ஐரோப்பாவில் ஊராட்சிப் பிறப்புப் பதிவுகள் முறைப்படுவதற்கு முன்பே, ஒவ்வொரு குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை எழுதி வைத்தவர்கள் அவர்கள். அழிந்துபோன சமூகங்களின் குடும்ப மரத்தைத் தேடுகிறவர்கள் இன்று அந்த ஏடுகளைத்தான் புரட்டுகிறார்கள். ஜெர்மன் யூதர்கள் சடங்கில் குழந்தையைச் சுற்றிய துணியையே நாடாவாகக் கிழித்துத் தைத்து, பெயரும் பிறந்த நாளும் பூவேலை செய்து, தோராச் சுருளைக் கட்டும் கச்சையாக ஜெபக்கூடத்துக்குக் கொடுத்தார்கள்.

ரெஹோவோத் மோஹெல் மாலையில் மறுபடி வந்து கட்டைப் பார்த்தார். தேநீர் குடித்தபடி, சட்டைப் பையிலிருந்து அட்டை கிழிந்த நோட்டு ஒன்றை எடுத்து எழுதினார். நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு பக்கத்தை என் பக்கம் திருப்பினார். வரிசை எண், எபிரேயத் தேதி, குழந்தையின் பெயர், தகப்பன் பெயர். அடுத்த கட்டத்தில் ‘நாள்: பதினொன்று’. அதற்கும் அடுத்ததில் ஒரே ஒரு சொல், ‘மஞ்சள்’. அந்தக் கடைசிக் கட்டம் மேலே பல வரிகளில் நிரம்பியிருந்தது.